நாலு பேர் சேர்ந்தால் நாலு மடங்கு வேகமா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் துறை)



"கவிதை மட்டும் கட்டுக் கட்டா வந்து குவிஞ்சிருக்குடா. டெக்னிக்கலா யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுங்கப்பா" என்று மலர்க் குழு நண்பர் ஹாஸ்டல் வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தப் புலம்பலின் விளைவுதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உள்ளே சமையல்கட்டு உண்டு, அல்வா உண்டு. தவிர, எந்த வேலையை எந்த மெஷினில் முதலில் ஏற்றுவது என்ற கேள்வி கம்ப்யூட்டர் துறைக்கு வருவதற்கு முன்பே ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. 1954-லேயே ஜான்சன் என்பவர் இரண்டு மெஷின்களுக்கு வேலையை வரிசைப்படுத்தும் விதியை எழுதி வைத்துவிட்டார். நாங்கள்தான் உங்களிடம் கடன் வாங்கினோம்!

விஷயம் எங்கள் பிராஜெக்டில் ஆரம்பித்தது. எங்கள் பேட்ச்சில் மூன்று பேர். 1-லிருந்து 1 கோடி வரை எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று எண்ணும் ஒரு சி புரோகிராம். (விடை 6,64,579. சரிபார்க்க நினைப்பவர்கள் தாராளமாகச் சரிபார்க்கலாம்.) ஒவ்வொரு எண்ணையும் 2-ஆல், பிறகு 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களால், அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கிற பழைய வழி. சல்லடை முறையில் இதை நொடியில் முடிக்கலாம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பிராஜெக்டின் தலைப்பே இணைநிலைக் கணிப்பு. கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு கணக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது.

லேப்பில் உள்ள மெஷினுக்கு நாலு கோர். ஒரு கோடியை நாலாக வெட்டி, 25 லட்சம் எண்களை ஒரு திரெட்டுக்கு என்று பிரித்துக் கொடுத்தோம். ஒரே திரெட் எடுத்த நேரத்தில் கால்வாசிதான் ஆகும் என்று கைடிடம் முன்கூட்டியே பெருமையடித்தும் விட்டோம். ஓட்டிப் பார்த்தால் வேகம் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவு. நாலு மடங்கு வரவேயில்லை.

கைடு சார் ஒன்றும் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கோர் நாலு இருக்கு. திரெட்டும் நாலு ஓடுது. மீதி ஒரு மடங்கு எங்கப்பா போச்சு?"

அந்த ஒரு மடங்கைத் தேடிப் போன கதைதான் இது.

முதலில் வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்கு பிராசஸ் என்று பெயர். அதற்குள் தனித்தனியாக ஓடக்கூடிய வேலையோட்டம்தான் திரெட். தமிழில் இழை என்கிறார்கள், பொருத்தமான சொல்தான். பிராசஸ் ஒரு கூட்டுக் குடும்பத்து வீடு என்றால், திரெட்டுகள் அந்த வீட்டு அண்ணன் தம்பிகள். ரேஷன் கார்டு ஒன்று, அரிசி மூட்டை ஒன்று. அதாவது மெமரி பொது. ஆனால் சாப்பிடும் தட்டு அவரவருக்குத் தனி. எந்த வரியில் நிற்கிறோம் என்ற கணக்கு, ரெஜிஸ்டர்கள், ஸ்டேக் இதெல்லாம் தனித்தனி.

ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு திரெட்டைத்தான் ஓட்டும். (ஒரே கோர் இரண்டு திரெட்டை ஓட்டுகிற வகையும் உண்டு, அதை இங்கே விட்டுவிடுவோம்.) திரெட்டுகளோ எப்போதும் கோர்களைவிட அதிகமாக இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருப்பது போலத் தெரிகிறபோதும் உள்ளே நூற்றுக்கணக்கில் திரெட்டுகள் இருக்கும், பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். விழித்திருக்கிறவர்களில் யாருக்கு, எந்தக் கோரில், எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பவர்தான் ஷெட்யூலர். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இவர், சில மில்லி செகண்டுகளுக்கு ஒருமுறை ஒரு திரெட்டை எழுப்பிவிட்டு இன்னொன்றை உட்கார வைக்கிறார். நமக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவது போலத் தெரிகிறது. ஆனால் அந்த மாற்றம் இலவசம் அல்ல. பழைய திரெட்டின் ரெஜிஸ்டர்களை எடுத்து வைக்கணும், புதியதை ஏற்றணும். அதைவிடப் பெரிய செலவு கேஷ் மெமரி. புதிதாக வந்தவருக்கு அங்கே இருப்பதெல்லாம் அடுத்தவர் சாமான்.

சரி, எங்கள் ஒரு மடங்கு எங்கே போனது? கம்ப்யூட்டரை விட்டுவிட்டு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தபோது விடை கிடைத்தது. எண்களைச் சமமாகப் பிரித்தோமே தவிர, வேலையைச் சமமாகப் பிரிக்கவில்லை. 100-க்குப் பக்கத்தில் இருக்கும் பகா எண்ணை 10 வரை வகுத்துப் பார்த்தால் போதும். 1 கோடிக்குப் பக்கத்தில் இருப்பதை 3,162 வரை வகுக்கணும். மொத்த வேலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், உத்தேசமாக முதல் திரெட்டுக்கு 12 பங்கு, இரண்டாவதுக்கு 23, மூன்றாவதுக்கு 30, நாலாவதுக்கு 35. முதல் ஆள் சீக்கிரமே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசி ஆள் தனியாக மாடாய் உழைத்துக்கொண்டிருந்தான். அவன் முடிக்கிறபோதுதான் புரோகிராம் முடியும். 100-ஐ 35-ஆல் வகுத்தால் 2.86. எங்களுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கோர்கள் குறைவில்லை. வேலையும் இருந்தது. வேலையில்லாதவனிடம் வேலை போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"இவ்வளவுதானே!" என்றான் எங்கள் பேட்ச்சின் அவசரக்காரன். "பிரிக்கவே வேணாம் மச்சி. பொதுவா ஒரு கவுண்டர் வச்சிடுவோம். யாருக்குக் கை காலியோ அவன் வந்து அடுத்த நம்பரை எடுத்துட்டுப் போகட்டும்." நியாயமான யோசனை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே நம்பரை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கவுண்டருக்கு ஒரு லாக், அதாவது பூட்டு போட்டோம். ஓட்டினால், பழைய சமபாகத்தை விடவும் மெதுவாக ஓடியது!

காரணம் யோசித்தால் சிரிப்பு வரும். எண்களில் பாதி இரட்டைப்படை. அவற்றுக்கு ஒரே ஒரு வகுத்தலில் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வகுத்தலை வாங்க, நாலு திரெட்டும் பூட்டுக்கு முன்னால் க்யூவில் நிற்கணும். ஒரு கோடி முறை! அரைக் கிலோ சர்க்கரைக்கு அரை நாள் ரேஷன் கடையில் நிற்பது மாதிரி. அதோடு அந்தக் கவுண்டர் இருக்கும் மெமரிப் பகுதி ஒரு கோரின் கேஷிலிருந்து அடுத்த கோரின் கேஷுக்கு ஓயாமல் பந்தாடப்படுகிறது. கணக்குப் போடும் நேரத்தைவிட, யார் கணக்குப் போடுவது என்று முடிவு செய்யும் நேரம் அதிகமாகிவிட்டது. சில கமிட்டிக் கூட்டங்களும் இப்படித்தான் நடக்கும், பெயர் சொல்ல விரும்பவில்லை.

கடைசியில் நடுவழிதான் உதவியது. ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணை எடுக்காமல், 10,000 எண்கள் கொண்ட ஒரு கட்டை எடுப்பது. மொத்தம் 1,000 கட்டுகள், பூட்டைத் தொடுவதும் ஏறக்குறைய 1,000 முறைதான். கடைசியில் யாராவது காத்திருந்தாலும் அதிகபட்சம் ஒரு கட்டு முடிகிற நேரம்தான். வேகம் நாலு மடங்கை நெருங்கியது. ஓப்பன் எம்பி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அதில் ஸ்டேடிக், டைனமிக் என்று இரண்டு ஷெட்யூல் வகைகள் இருக்கிறதே, அந்த இரண்டையும்தான் நாங்கள் வியர்வை சிந்திக் கண்டுபிடித்திருந்தோம்.

இடையில் வேறொரு பள்ளத்திலும் விழுந்தோம். நாலு திரெட்டும் தாங்கள் கண்டுபிடித்த எண்ணிக்கையை ஒரே அர்ரேயில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் கூட்டிக்கொண்டிருந்தன. இடம் வேறு வேறுதான், ஆனால் கேஷ் மெமரி நகர்வது 64 பைட் கொண்ட கட்டாக. நாலு எண்ணும் ஒரே கட்டுக்குள். ஒருவன் எழுதினால் மற்ற மூவரின் பிரதியும் செல்லாமல் போய்விடும். ஒவ்வொரு திரெட்டும் தனக்கென்று ஒரு லோக்கல் வேரியபிளில் எண்ணிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை கூட்டினால் தொல்லை விட்டது. இந்தத் தவறை எந்த ஷெட்யூலராலும் திருத்த முடியாது, நாம்தான் பார்த்துக்கொள்ளணும்.

இப்போது கைடு சார் இரண்டாவது கேள்வியைப் போட்டார். "சரி, நாளைக்கு உங்களுக்கு எட்டு கோர் மெஷின் வாங்கித் தர்றேன். கண்டிப்பா இதைவிட வேகமா ஓடுமா?"

"ஓடும் சார்" என்றோம் கோரஸாக. குறைந்தபட்சம் மெதுவாக ஓடாது என்றாவது நினைத்தோம். சார் சிரித்துவிட்டு, ரொனால்டு கிரஹாம் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது 1966-ல் வெளியிட்ட ஓர் உதாரணத்தைப் போர்டில் எழுதினார். கிரஹாம் ஒரே நேரத்தில் பல பந்துகளை வீசிப் பிடிக்கும் ஜக்லிங் வித்தையிலும் பெரிய ஆள். அந்த வித்தைக்காரர்களின் சர்வதேச சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தவர். ஷெட்யூலிங் பற்றி எழுத இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

உதாரணத்தின் எண்கள் கிரஹாமுடையவை. சமையல்கட்டு என்னுடையது.

ஹாஸ்டல் டே விருந்து. மூன்று மாஸ்டர்கள். காலை 8 மணிக்கு ஆரம்பம். பட்டியலில் ஒன்பது வேலைகள், இந்த வரிசையில்: ஊறிய கோதுமையை அரைத்துப் பால் எடுப்பது 30 நிமிஷம், வாழையிலை நறுக்கிக் கழுவுவது 20, டிரம்மில் குடிதண்ணீர் நிரப்புவது 20, தேங்காய் துருவுவது 20. அப்புறம் அவியல், கூட்டு, பொரியல், குருமா, தலா 40 நிமிஷம். நாலுக்கும் தேங்காய் வேணும், துருவி முடிக்காமல் தொட முடியாது. கடைசியாக கோதுமை அல்வா கிளறுவது 90 நிமிஷம். பால் எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கலாம். சட்டம் ஒன்றுதான். கை காலியான மாஸ்டர் பட்டியலை மேலிருந்து பார்த்து, அந்த நேரத்தில் செய்யக்கூடிய முதல் வேலையை எடுக்கணும். எடுத்ததைப் பாதியில் விடக்கூடாது. ஒரு வேலைக்கு ஓர் ஆள். ஏறக்குறைய எல்லாச் சாதாரண ஷெட்யூலர்களும் செய்வது இதுதான். கை காலியா, வேலை இருக்கா, எடு!

முதல் மாஸ்டர் கோதுமைப் பால், இரண்டாமவர் இலை, மூன்றாமவர் தண்ணீர். 8.20-க்கு இலையும் தண்ணீரும் முடிகிறது. இரண்டாமவர் தேங்காயை எடுக்கிறார். மூன்றாமவருக்கு எடுக்க ஒன்றுமில்லை, பீடியைப் பற்ற வைக்கிறார். 8.30-க்குப் பால் ரெடி. தேங்காய் இன்னும் முடியவில்லை, எனவே முதல் மாஸ்டர் எடுக்க முடிந்தது அல்வா மட்டும்தான். 10 மணி வரை கிளறுவார். 8.40-க்குத் தேங்காய் ரெடி. மற்ற இருவரும் அவியல், கூட்டு. 9.20-க்குப் பொரியல், குருமா. 10 மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக முடிக்கிறார்கள். அழகு!

இப்போது வார்டன் தாராள மனசுடன் நாலாவது மாஸ்டரை அழைத்து வருகிறார். 8 மணிக்கே அவர் தேங்காயில் உட்கார்ந்துவிடுகிறார். 8.20-க்கு இலை, தண்ணீர், தேங்காய் மூன்றும் முடிந்து, மூன்று பேர் அவியல், கூட்டு, பொரியலை எடுக்கிறார்கள். 8.30-க்குக் கோதுமைப் பால் முடித்தவர் பட்டியலைப் பார்க்கிறார். மேலே இருப்பது குருமா. சட்டப்படி அதை எடுக்கிறார். அல்வாவை எடுக்க ஆளே இல்லை. 9 மணிக்கு அவியல் முடித்தவர் வந்துதான் அல்வாவில் கரண்டியைப் போடுகிறார். முடியும்போது மணி 10.30. ஓர் ஆள் கூடுதல், அரை மணி நேரம் தாமதம்!

நம்பவில்லை என்றால் கிராஃப் பேப்பரில் நாலு கோடு போட்டுப் பாருங்கள். நான் போட்டேன், இரண்டு முறை.

இதோடு முடியவில்லை. மூன்றே மாஸ்டர்கள், ஆனால் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு வேலையையும் 10 நிமிஷம் சீக்கிரம் முடிக்கிறார்கள். பால் 20, அடுத்த மூன்றும் தலா 10, கறிகாய் வகை 30, அல்வா 80. இப்போது 8.20-க்குப் பாலும் தேங்காயும் ஒன்றாக முடிகின்றன. மூவரும் பட்டியலில் மேலே இருக்கும் அவியல், கூட்டு, பொரியலை எடுத்துவிடுகிறார்கள். அல்வா 8.50-க்குத்தான் ஆரம்பம், 10.10-க்குத்தான் முடிவு. கை வேகமானதால் 10 நிமிஷம் நஷ்டம்.

வைத்தியம் ரொம்ப எளிது. பட்டியலில் அல்வாவை மேலே ஏற்றினால் போதும். நாலு மாஸ்டர்களுக்கும் 10 மணிக்கு முடிந்துவிடும். வேகமான மூவர் 9.40-க்கே முடிப்பார்கள். ஆனால் முதல் கணக்கில் 10 மணிக்கு முன்னால் முடிக்க 40 மாஸ்டர்கள் வந்தாலும் முடியாது. பால் எடுக்க 30, கிளற 90, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடக்கணும். 120 நிமிஷம் என்பது அந்த விருந்தின் விதி. எந்த இணைநிலைப் புரோகிராமிலும் இப்படி ஒரு நீளமான சங்கிலி இருக்கும், அதற்குக் கீழே போக முடியாது. 1967-ல் ஐ.பி.எம்.-மின் ஜீன் அம்டால் இதையே வேறு விதமாகச் சொன்னார். புரோகிராமில் பத்தில் ஒரு பங்கு தனியாளாகத்தான் ஓடணும் என்றால், ஆயிரம் பிராசஸர் வாங்கினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

கிரஹாம் பயமுறுத்திவிட்டு மட்டும் போகவில்லை, ஆறுதலும் சொன்னார். பட்டியல் எவ்வளவு மோசமாக இருந்தாலும், கை காலியானவன் சும்மா இருக்கக் கூடாது என்ற சட்டத்தை மட்டும் காப்பாற்றினால், சிறந்த நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாது என்று நிரூபித்தார். மிகச் சிறந்த வரிசையையே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினால், வேலைகள் பெருகப் பெருகக் கணக்கு பூதாகரமாக வளர்ந்துவிடும். எல்லா நேரத்திலும் வேகமாக விடை சொல்லும் முறை எதுவும் இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. சொற்ப நேரத்தில் ஓரளவு நல்ல வரிசை, அதுதான் நடைமுறை.

அந்தச் சட்டத்தையாவது ஒழுங்காகக் காப்பாற்ற முடிகிறதா? இங்கேதான் நிஜமான சிக்கல். பொதுப் பட்டியல் ஒன்றே ஒன்று என்றால் எங்கள் கவுண்டர் கதைதான். கோர்கள் கூடக் கூட பூட்டுக்கு முன்னால் க்யூ நீளும். ஆளுக்கொரு பட்டியல் என்றால் க்யூ இல்லை; ஆனால் ஒருவன் பட்டியல் தீர்ந்துவிடும், இன்னொருவனுடையது வழியும்.

இதற்கு வந்த அருமையான வழிக்குப் பெயர் வேலைத் திருட்டு. நிஜமாகவே அதுதான் பெயர், நான் வைத்ததல்ல. 1990-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான சில்க் என்ற மொழி இதைப் பிரபலமாக்கியது. ப்ளூமோஃப், லெய்சர்சன் என்ற இருவர் இது ஏன் வேலை செய்கிறது என்று 1994-ல் கணித ரீதியாகவும் காட்டினார்கள். ஒவ்வொரு கோருக்கும் சொந்தமாக ஒரு வேலை அடுக்கு. புதிய வேலை பிறந்தால் தன் அடுக்கின் மேலே வைப்பான். தானும் மேலிருந்தே எடுப்பான். அடுக்கு காலியானால், குத்துமதிப்பாக ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவன் அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவிக்கொள்வான். அங்கேயும் இல்லையா, அடுத்த வீடு.

மேலே, அடியில் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சொந்தக்காரன் ஒரு முனை, திருடன் மறு முனை. இருவரும் மோதிக்கொள்வது அபூர்வம். மேலே இருப்பது இப்போதுதான் பிறந்த வேலை, அதன் தகவல்கள் கேஷில் சூடாக இருக்கும், சொந்தக்காரனுக்கு லாபம். அடியில் இருப்பது பழைய வேலை. பெரிய கணக்கை இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரித்துக்கொண்டே போகும் புரோகிராமில் பழையது என்றால் பெரும்பாலும் பெரியது. ஒருமுறை திருடினால் ரொம்ப நேரத்துக்குப் போதும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. வேலை தேடும் அலைச்சல் முழுக்க வேலையில்லாதவன் தலையில்தான் விழுகிறது. மும்முரமாக வேலை செய்பவனை நிறுத்தி "உன்கிட்ட அதிகமா இருக்கே, கொஞ்சம் கொடு" என்று யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஜாவாவில் 2011 முதல் இருக்கும் ஃபோர்க் ஜாயின் வசதியும், கோ மொழியின் ஷெட்யூலரும் இந்தத் திருட்டுத்தனத்தில்தான் ஓடுகின்றன.

ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. லினக்ஸ் 2.4 வரை எல்லாக் கோர்களுக்கும் பொதுவாக ஒரே வரிசை, ஒரே பூட்டு. 2003 டிசம்பரில் வந்த 2.6-ல் இங்கோ மோல்னார் எழுதிய ஷெட்யூலர் கோருக்கு ஒரு வரிசையாக மாற்றியது. 2007-ல் அவரே சி.எஃப்.எஸ். என்ற நியாயமான பங்கீட்டு முறையைக் கொண்டு வந்தார். இதுவரை யார் குறைவாக ஓடியிருக்கிறாரோ அவருக்கு அடுத்த முறை. 2023-ல் வந்த 6.6-ல் அந்த இடத்துக்கு இ.இ.வி.டி.எஃப். என்ற வேறொரு கணக்கு வந்துவிட்டது. நடுவில் தனியாக ஒரு பேலன்சர், அவ்வப்போது வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்து அங்கிருந்து இங்கே திரெட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கும்.

உலகமே உபயோகிக்கும் லினக்ஸில் இந்த வேலை சரியாகத்தானே நடக்கும் என்று நினைப்போம். 2016-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு 64 கோர் மெஷினில் சோதித்துப் பார்த்து, பத்தாண்டுகளாக வீணடிக்கப்பட்ட கோர்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்தே ஒரு கட்டுரை எழுதியது. ஓடத் தயாராக இருக்கும் திரெட்டுகள் வரிசையில் காத்துக்கிடக்க, பக்கத்துக் கோர்கள் காலியாக இருக்கின்றன. அதற்குக் காரணமாக நாலு தவறுகள் இருக்கின்றன என்று காட்டியது. புரோகிராம் நிற்காது, எரர் வராது, விடையும் சரியாக வரும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவே. அதனால்தான் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த நாலில் ஒன்று நமக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அது மார்க் ஷீட் சமாச்சாரம். பேலன்சர் கோர்களைக் குழு குழுவாகப் பிரித்து, குழுவின் சராசரிச் சுமையை ஒப்பிட்டது. ஒரு குழுவில் ஒரு கோரில் மட்டும் பெரிய சுமையுள்ள ஒரு திரெட், மற்றவை காலி. அடுத்த குழுவில் எல்லாக் கோரிலும் சின்னச் சின்னத் திரெட்டுகள், இடம் போதாமல் வரிசை. சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்று! எனவே காலியாக இருந்த கோர்கள் "அங்கேயும் நம்ம அளவுதான் வேலை" என்று நினைத்து எதையும் எடுக்கவில்லை. ஒருவன் 100 வாங்கி வகுப்புச் சராசரியைத் தூக்கிவிட, ஃபெயிலானவர்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போவது மாதிரி. சராசரியைப் பார்க்காதே, குழுவிலேயே குறைவான சுமை எவ்வளவு என்று பார், என்பதுதான் அவர்கள் சொன்ன திருத்தம்.

இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. எல்லாக் கோரும் சமமாக இருந்த காலம் போய், பெரிய கோர், சின்னக் கோர் என்று கலந்து வருகின்றன. ஆர்ம் நிறுவனம் 2011-ல் அறிவித்த இந்த ஏற்பாடு செல்போன்களில் பரவிவிட்டது. இன்டெலும் 2021-ல் வந்த 12-ஆம் தலைமுறையில் இதற்கு வந்தது. வேகமானவரும் மெதுவானவரும் ஒரே சமையல்கட்டில். யாருக்கு அல்வா, யாருக்குத் தேங்காய் என்று பார்த்துக் கொடுக்கணும், பாட்டரி தீராமலும் கொடுக்கணும்.

இது எங்களுக்கு வைவா அன்றுதான் உறைத்தது. லேப் மெஷின் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துக்கொள்ள, எங்கள் அவசரக்காரன் அக்கா வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினோம். அது கலப்புக் கோர் மெஷின். சமபாகப் புரோகிராமில், கடைசி 25 லட்சம் போய் ஒரு சின்னக் கோரில் உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்டர்னல் சார் ஒரு டீ குடித்துவிடலாம் போலிருந்தது. கட்டு முறைப் புரோகிராம் மட்டும் அசையவில்லை. பெரிய கோர் அதிகக் கட்டுகளை எடுத்தது, சின்னது தன்னால் முடிந்ததை எடுத்தது.

எக்ஸ்டர்னல் சார் கோடை உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கட்டுக்குப் பத்தாயிரம்னு எப்படி முடிவு பண்ணீங்க? பத்து லட்சம் வச்சா என்ன?"

"பத்து லட்சம்னா மொத்தமே பத்து கட்டுதான் சார். நாலு திரெட்டுக்கு நாலு, அப்புறம் நாலு. கடைசி ரெண்டு கட்டு ஓடறப்போ ரெண்டு பேர் சும்மா நிப்பாங்க" என்றேன்.

"சரி. கவுண்டர் ஒண்ணுல ஆரம்பிச்சு மேல போகல. ஒரு கோடியில ஆரம்பிச்சுக் கீழ இறங்குதே, அது ஏன்?"

பெரிய கட்டுகளை முதலில் முடித்துவிட்டால், கடைசியில் மிஞ்சுவதெல்லாம் சின்னச் சின்னது, யாரும் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டாம் என்று நான் விளக்குவதற்குள் அவசரக்காரன் முந்திக்கொண்டான்.

"அல்வா சார்."

எக்ஸ்டர்னல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் கைடைப் பார்த்தார். கைடு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.